கடல்சார் காற்றாலைகளின் கட்டுப்பாட்டு முறைகள்: முள்ளக்காடு முதல் மன்னார் வளைகுடா வரை

கடல்சார் காற்றாலைக் கட்டுப்பாட்டு முறைகள் என்பவை, கடலில் நிறுவப்படும் காற்றாலைகளின் இறக்கைக் கோணம், சுழற்சி வேகம், முகத்திசை, மின் வெளியீடு ஆகியவற்றை மனிதர் அருகில் இல்லாத நிலையிலும் ஒழுங்குபடுத்தும் இயந்திர, மின்னணு, மென்பொருள் அமைப்புகளாகும். இவை நிலத்துக் காற்றாலைகளில் உருவாகிப் பின்னர் கடலுக்குச் சென்றவை. தமிழ்நாட்டில் 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைப் பயணம் இன்று மன்னார் வளைகுடாவின் விளிம்பில் நிற்கிறது. கடலில் எத்தகைய காற்றாலை நிற்கும், புயலில் அது தாங்குமா, மின் தொகுப்பு தடுமாறும்போது அது உதவுமா உபத்திரவம் செய்யுமா என்ற கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் கட்டுப்பாட்டு முறையிலேயே இருக்கிறது.

அடிப்படைச் சிக்கல்

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் நொடிக்கு 10 மீட்டரிலிருந்து 12 மீட்டராக உயர்ந்தால் ஆற்றல் ஏறத்தாழ 73 விழுக்காடு அதிகரிக்கும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். எனவே மெல்லிய காற்றில் முடிந்தவரை அதிகம் பிடிப்பதும், கடுங்காற்றில் வேண்டாததை விட்டுவிடுவதும் ஒரே இயந்திரம் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள். மெல்லிய காற்றிலும் முழுவதையும் பிடிக்க முடியாது. காற்றின் ஆற்றலில் அதிகபட்சம் 59.3 விழுக்காட்டையே ஒரு சுழலி எடுக்க முடியும் என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பெர்ட் பெட்ஸ் நிறுவினார். இது பெட்ஸ் எல்லை எனப்படுகிறது.

இதை ஓர் அணையோடு ஒப்பிடலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் உள்ள மணலூர்பேட்டைக்கு மேலே, ஆற்றின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை இருக்கிறது. நீர்வரத்து அளவோடு இருக்கும்போது அணை தேக்குகிறது. மிகும்போது மதகுகள் திறக்கப்படுகின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழையால் அங்கிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டபோது, கீழே உள்ள ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தைச் சந்தித்தன. காற்றாலைக்கும் இப்படி ஒரு மதகு வேண்டும். ஆனால் அணைக்கு இருக்கும் ஒரு வசதி அதற்கு இல்லை. நீரைத் தேக்கி வைத்து முடிவெடுக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம்; காற்றைத் தேக்க முடியாது. காற்றாலையின் மதகு நொடிக்கு நொடி திறந்து மூட வேண்டும்.

பொதுவாக நவீன காற்றாலை நொடிக்கு 3 அல்லது 4 மீட்டர் காற்றில் இயங்கத் தொடங்குகிறது. 11 முதல் 13 மீட்டருக்குள் முழுத் திறனை எட்டுகிறது. 25 மீட்டர் அளவில் தன்னை நிறுத்திக்கொள்கிறது. முழுத் திறனை எட்டும் புள்ளிக்குக் கீழே ‘பிடி’ என்பது கட்டளை. அதற்கு மேலே ‘விடு’ என்பது கட்டளை. கட்டுப்பாட்டு முறைகளின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டளையை நிறைவேற்றக் கண்ட வழிகளின் வரலாறு.

தொடக்கக் காலம்

கணினிக்கும் மின்சாரத்துக்கும் முன்பே தானியங்கிக் கட்டுப்பாடு காற்றாலைகளில் இருந்தது. 1745இல் இங்கிலாந்தின் எட்மண்ட் லீ, ஆலையின் பின்புறத்தில் ஒரு சிறு விசிறியைப் பொருத்தி, காற்றின் திசை மாறும்போது ஆலை தானாகவே முகம் திருப்பும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1772இல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள், காற்று மிகும்போது தாமாகவே திறந்து காற்றை வெளியே விடும் பலகைகள் கொண்ட இறக்கையை உருவாக்கினார். இன்று மின்மோட்டார்கள் செய்யும் இரண்டு வேலைகளும், அதாவது முகம் திருப்புதலும் மிகுகாற்றை விடுதலும், அன்றே மரத்தாலும் சுருள்வில்லாலும் செய்யப்பட்டன.

மின்னாக்கம் வந்தபோது புதிய தேவை எழுந்தது. மாவு அரைக்கும் கல் சற்று வேகமாகச் சுற்றினால் பெரிய கேடில்லை, மின்விளக்குக்கு அப்படியல்ல. டென்மார்க்கின் அஸ்கோவ் ஊரில் 1891இல் மின் உற்பத்தி செய்யும் காற்றாலையை அமைத்த பவுல் லா கூர், காற்றின் ஏற்ற இறக்கம் மின்னாக்கியை எட்டாதவாறு சமன் செய்யும் ‘கிராட்டோஸ்டாட்’ என்ற கருவியை வடிவமைத்தார்.

1941இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1.25 மெகாவாட் திறனுடன் நிறுவப்பட்ட ஸ்மித்-புட்னம் காற்றாலை, மெகாவாட் அளவை எட்டிய முதல் காற்றாலை. அதன் இறக்கைகளின் கோணத்தை நீரியல் அமைப்பு மாற்றியது. 1945 மார்ச் 26 அன்று ஓர் இறக்கை முறிந்து விழுந்தது. இறக்கையில் பலவீனமான இடம் முன்பே அறியப்பட்டிருந்தும், போர்க்காலப் பற்றாக்குறையால் சரிசெய்யப்படவில்லை. கட்டுப்பாடு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் உலோகக் களைப்புக்கு அது மாற்றாகாது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

டேனிய எளிமை

லா கூரின் மாணவரான யோஹானஸ் யூல் எதிர்த்திசையில் சிந்தித்தார். 1957இல் அவர் கெட்சர் என்னும் இடத்தில் அமைத்த 200 கிலோவாட் காற்றாலையில் இறக்கைகள் அசையாதவை. காற்று மிகும்போது இறக்கையின் மேற்பரப்பிலிருந்து காற்றோட்டம் பிரிந்து, தூக்குவிசை தானாகவே குறையும்படி இறக்கை வடிவமைக்கப்பட்டது. விமான ஓட்டிகள் அஞ்சும் ‘ஸ்டால்’ என்ற அதே நிகழ்வு இங்கு பாதுகாப்புக் கருவியாயிற்று. வேகம் எல்லை மீறினால் இறக்கை நுனிகள் மட்டும் திரும்பி நிறுத்தியாகச் செயல்பட்டன. மின் தொகுப்போடு நேரடியாக இணைக்கப்பட்ட தூண்டல் மின்னாக்கி, தொகுப்பின் அதிர்வெண்ணுக்கு ஏற்பச் சுழலியின் வேகத்தை ஏறத்தாழ மாறாமல் பிடித்து வைத்தது. கெட்சர் காற்றாலை 1967 வரை இயங்கியது.

இம்முறையில் தனிக் கட்டுப்பாட்டு மூளை என்று எதுவும் பெரிதாக இல்லை. வேகத்தை மின் தொகுப்பும், திறனை இறக்கையின் வடிவமும் கவனித்துக்கொண்டன. மலிவு, எளிமை, உறுதி ஆகியவற்றால் 1980களில் உலகெங்கும் பரவிய டேனிய காற்றாலைகள் இம்முறையைப் பின்பற்றின. தமிழ்நாட்டுக்கு வந்ததும் இதுதான்.

முள்ளக்காடும் முப்பந்தலும்

1986இல் முள்ளக்காட்டில் 55 கிலோவாட் அளவிலான காற்றாலைகளுடன் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை தொடங்கியது. தொடர்ந்து தமிழ்நாடு மின்சார வாரியம் பல இடங்களில் செயல்விளக்கப் பண்ணைகளை அமைத்தது. டென்மார்க்கின் உதவியுடன் கயத்தாறிலும் முப்பந்தலிலும் பெரிய பண்ணைகள் உருவாயின. 1990களில் வரிச்சலுகைகளால் தனியார் முதலீடு பெருகியது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களின் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி ஆயிரக்கணக்கான காற்றாலைகள் எழுந்தன.

டேனிய எளிமை ஒரு செய்தியை மறைத்து வைத்திருந்தது. அதன் கட்டுப்பாட்டில் பாதி மின் தொகுப்பிடம் இருந்தது. டென்மார்க்கின் தொகுப்பு உறுதியானது. தெற்குத் தமிழ்நாட்டின் கிராமப்புறத் தொகுப்பு அப்படியல்ல. இதனால் மூன்று சிக்கல்கள் எழுந்தன.

முதலாவது, மின் தடை. தொகுப்பு அறுந்தவுடன் மின்னாக்கியின் பிடி விட்டுப்போகும்; சுழலி வேகமெடுக்கும்; அவசர நிறுத்திகள் இறங்கும். பருவக்காற்றின் உச்சத்தில் இது அடிக்கடி நிகழ்ந்தால் ஒவ்வொரு முறையும் பற்சக்கரப் பெட்டியும் நிறுத்திகளும் அடிவாங்கும்.

இரண்டாவது, அதிர்வெண். பற்றாக்குறைக் காலத்தில் தென்மண்டலத் தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்சுக்கு வெகு கீழே இறங்குவது வழக்கமாக இருந்தது. அதிர்வெண் தாழ்ந்தால் சுழலியும் மெதுவாகும், காற்றோட்டம் முன்கூட்டியே பிரியும், உற்பத்தி குறையும். மின்சாரம் மிகவும் தேவைப்படும் வேளையில் காற்றாலை குறைவாகத் தந்தது. 2003 ஜனவரியில் தென்மண்டலத்தில் அதிர்வெண்ணோடு கட்டணத்தை இணைக்கும் முறை நடைமுறைக்கு வந்த பிறகே நிலைமை சீரடையத் தொடங்கியது.

மூன்றாவது, எதிர்வினைத் திறன். தூண்டல் மின்னாக்கி தனக்கு வேண்டிய காந்தப்புலத்தைத் தானே உருவாக்காது. அதற்கான எதிர்வினைத் திறனைத் தொகுப்பிலிருந்தே இழுக்கும். ஏராளமான காற்றாலைகள் ஒருசேர இழுத்தபோது கிராமப்புற மின்னழுத்தம் சரிந்தது. மின்தேக்கிகள் பொருத்தப்பட்டன, இழுக்கும் அளவுக்குக் கட்டணமும் விதிக்கப்பட்டது.

வடிவமைப்பாளர்கள் இந்தக் கட்டுப்பாட்டு முறையை எந்தத் தொகுப்புக்காக உருவாக்கினார்களோ, அந்தத் தொகுப்பு முப்பந்தலில் இல்லை. கடலுக்குப் போகும் முன் தமிழ்நாடு நினைவில் வைக்க வேண்டிய முதல் பாடம் இது.

வேகம் மாறும் காற்றாலைகள்

இதற்கான தீர்வு, சுழலியின் வேகத்தைத் தொகுப்பின் அதிர்வெண்ணிலிருந்து பிரிப்பது. 1978இல் டென்மார்க்கின் ட்விண்ட் பள்ளி வளாகத்தில் தன்னார்வலர்கள் கட்டிய பெரிய காற்றாலையிலேயே இந்த எண்ணம் செயலுக்கு வந்தது. 1990களில் மின்திறன் மாற்றிகள் மலிவானபோது இது பரவலாயிற்று. இரு வழிகள் நிலைபெற்றன. ஒன்றில் மொத்தத் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மாற்றி வழியே செல்லும். மற்றொன்றில் முழுத் திறனும் மாற்றி வழியே செல்லும். இரண்டாவது வகையில் பற்சக்கரப் பெட்டியே இல்லாத வடிவமும் சாத்தியமாயிற்று.

இப்போது ‘பிடி’, ‘விடு’ ஆகிய இரு கட்டளைகளும் இரு தனிக் கருவிகளுக்குச் சென்றன. மெல்லிய காற்றில் மின்னாக்கியின் திருப்புவிசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாற்றப்படுகிறது. இதனால் இறக்கை நுனி வேகத்துக்கும் காற்று வேகத்துக்கும் உள்ள விகிதம் உகந்த அளவில் நிற்கிறது. கடுங்காற்றில் இறக்கைகள் தம் அச்சில் திரும்பி மிகுகாற்றை நழுவ விடுகின்றன.

கட்டுப்பாடு மூளையைப் பெற்றபோது உடைமைச் சண்டையும் தொடங்கியது. 1996இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம், கெனடெக் நிறுவனத்தின் வேக மாற்றக் காப்புரிமையை மீறியதாகக் கூறி, ஜெர்மனியின் எனர்கான் காற்றாலைகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. இந்தியாவிலும் எனர்கானின் பல காப்புரிமைகள் வழக்குக்கு உள்ளாகி, 2010இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தால் நீக்கப்பட்டன. கோபுரத்தையும் இறக்கையையும் பார்த்துச் செய்துவிடலாம். எந்தக் காற்றில் எந்தக் கோணம் என்ற கணக்கு, கண்ணுக்குத் தெரியாத சொத்து.

கடலுக்குள்

1991இல் டென்மார்க்கின் விண்டபியில் தலா 450 கிலோவாட் கொண்ட 11 காற்றாலைகள் கடலில் நின்றன. இது உலகின் முதல் கடல்சார் காற்றாலைப் பண்ணை. கட்டுப்பாட்டு முறையில் அவை முப்பந்தல் காற்றாலைகளின் உறவினரே; அசையாத இறக்கையும் ஸ்டால் முறையும்தான். 2017இல் அவை அகற்றப்பட்டன.

2002இல் டென்மார்க்கின் மேற்குக் கடலில் 80 காற்றாலைகளுடன் 160 மெகாவாட் திறனில் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணை தொடங்கியபோது நிலைமை மாறியது. இறக்கைக் கோணமும் வேகமும் மாறக்கூடிய 80 காற்றாலைகளையும் ஒரு மையக் கட்டுப்பாட்டகம் ஒரே மின் நிலையமாக இயக்கியது. மொத்த வெளியீட்டை ஓர் எல்லைக்குள் நிறுத்தவும், கிடைக்கும் திறனில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைக்கவும் அதனால் முடிந்தது. ஆனால் 2004இல் மின்மாற்றி, மின்னாக்கிக் கோளாறுகளால் 80 காற்றாலைகளின் தலைப்பகுதிகளையும் கரைக்குக் கொண்டுவர நேர்ந்தது. நிலத்தில் ஒரு நாள் வேலை, கடலில் கப்பலையும் அலையையும் நம்பியிருக்கும். கோளாறு வருமுன் அதிர்விலிருந்தும் வெப்பத்திலிருந்தும் அதை உணரும் கண்காணிப்பு, கடல்சார் கட்டுப்பாட்டின் பிரிக்க முடியாத பகுதியானது.

2005 ஜனவரியில் டென்மார்க்கைத் தாக்கிய புயலின்போது, காற்று 25 மீட்டர் எல்லையைத் தாண்டியதும் காற்றாலைகள் தம்மை நிறுத்திக்கொள்ள, சில மணி நேரத்தில் உற்பத்தி பெருமளவு சரிந்தது. ஒவ்வொரு காற்றாலையும் தன்னைச் சரியாகவே காத்துக்கொண்டது. சுமை தொகுப்பின் தலையில் விழுந்தது. இதைத் தவிர்க்க, புயலில் திடீரென நிற்காமல் படிப்படியாகத் திறனைக் குறைக்கும் முறை பரவியது.

மிதக்கும் காற்றாலைகள் வேறொரு விந்தையைக் காட்டின. முழுத் திறனுக்கு மேற்பட்ட காற்றில், மிதவை முன்னோக்கிச் சாயும்போது காற்று வேகமாக வருவதாகக் கட்டுப்பாடு உணர்கிறது. இறக்கையைத் திருப்பிக் காற்றை விடுகிறது. பின்னோக்கித் தள்ளும் விசை குறைகிறது. மிதவை இன்னும் முன்னே சாய்கிறது. நிலத்தில் சரியான கட்டளை, மிதவையில் ஊஞ்சலை ஆட்டிவிடும் கையாகிவிடுகிறது. 2009இல் நார்வே கடலில் நிறுவப்பட்ட 2.3 மெகாவாட் ஹைவிண்ட் காற்றாலையில், மிதவையின் அசைவையும் கணக்கில் கொள்ளும் கட்டுப்பாடு இதைச் சமாளித்தது. 2017இல் ஸ்காட்லாந்து அருகே 30 மெகாவாட் மிதவைப் பண்ணை அதைத் தொடர்ந்தது.

தொகுப்பின் விதிகள்

பழைய காற்றாலைகள் மின்னழுத்தம் சரிந்தவுடன் தொகுப்பிலிருந்து விலகின. காற்றாலைகள் சிலவாக இருந்தவரை அது நல்ல பழக்கம். ஆயிரக்கணக்கில் ஆனபோது அதுவே ஆபத்து. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2013இல் திருத்திய விதிகளின்படி, 2014 ஏப்ரல் 15 முதல் 66 கிலோவோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் இணையும் புதிய காற்றாலை நிலையங்கள், மின்னழுத்தம் 15 விழுக்காடு அளவுக்குச் சரிந்தாலும் 0.3 நொடி வரை விலகாமல் தாங்கி நிற்க வேண்டும்.

விதி இருப்பது மட்டும் போதாது என்பதை 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் நடந்த நிகழ்வு காட்டியது. மின்னல் தாக்கிய சில கணங்களில் ஹார்ன்சீ கடல்சார் பண்ணையின் வெளியீடு 799 மெகாவாட்டிலிருந்து 62 மெகாவாட்டாக வீழ்ந்தது. மின்னழுத்தச் சலனத்துக்கு அதன் கட்டுப்பாட்டு அமைப்பு நிலையற்ற வகையில் எதிர்வினையாற்றியதே காரணம். ஓர் எரிவாயு மின் நிலையமும் விலக, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோருக்கு மின்சாரம் நின்றது. ஓர் இறக்கையும் முறியவில்லை, ஒரு கம்பியும் அறவில்லை. பின்னர் மாற்றப்பட்டது மென்பொருள்.

மன்னார் வளைகுடாவின் கேள்விகள்

இந்திய அரசு 2015இல் தேசியக் கடல்சார் காற்றாற்றல் கொள்கையை அறிவித்தது. சென்னை பள்ளிக்கரணையில் 1998இல் காற்றாற்றல் தொழில்நுட்ப மையமாகத் தொடங்கி, இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் எனப்படும் அமைப்பு இதற்கான ஆய்வுகளை நடத்துகிறது. குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா எட்டு கடல் மண்டலங்கள் அடையாளம் காணப்பட்டன. 2024 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் அமைப்பதும், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் உள்ளிட்ட இரு துறைமுகங்களை மேம்படுத்துவதும் அதில் அடங்கும். 2025 தொடக்கம் வரை இந்தியக் கடலில் வணிக அளவிலான காற்றாலை எதுவும் சுழலவில்லை.

வடகடலில் தேர்ச்சி பெற்ற கட்டுப்பாட்டு முறையை அப்படியே இங்கு நிறுத்தலாமா என்பதே முதற்கேள்வி. தமிழகக் கடலுக்கு இரு முகங்கள் உண்டு. ஆண்டின் நடுப்பகுதியில் நிலையாக வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அதன் வரம். ஆண்டின் இறுதியில் வரும் புயல் அதன் சோதனை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரியை உலுக்கிய ஒக்கிப் புயலும் இதே கடற்பகுதியில் நிகழ்ந்தவை. ஒக்கியின்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. அதாவது, காற்று மிகக் கடுமையாகவும் அதன் திசை விரைவாகவும் மாறும் அதே வேளையில் மின் தொகுப்பு இல்லாமற்போகும். இறக்கைகளை மடக்க மின்கலமோ நீரியல் சேமிப்போ உதவும். ஆனால் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள தலைப்பகுதியைக் காற்றின் திசைக்குத் தொடர்ந்து திருப்ப மணிக்கணக்கில் மின்சாரம் வேண்டும். 2003 செப்டம்பரில் ஜப்பானின் மியாக்கோ தீவில் பல காற்றாலைகள் புயலில் வீழ்ந்த நிகழ்வில், மின்சாரம் இழந்து முகம் திருப்ப முடியாமற்போனது முக்கியமாகப் பேசப்பட்டது. 2019இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் தன் காற்றாலைத் தரநிலையில் வெப்பமண்டலப் புயலுக்கென்று தனி வகுப்பைச் சேர்த்தது. மன்னார் வளைகுடாவுக்கான காற்றாலையில் தற்சார்பு மின்வழங்கல், ஒரு கூடுதல் வசதியாக அன்றி அடிப்படைத் தேவையாகவே கருதப்பட வேண்டும்.

இரண்டாவது கேள்வி மனிதரைப் பற்றியது. இக்கடல் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவையும் எண்ணற்ற மீனவக் குடும்பங்களின் வாழ்வையும் தாங்குகிறது. காற்றாலைகளால் மீன்பிடிப் பாதைகள் மறிக்கப்படும் என்ற கவலையை மீனவர்கள் எழுப்பியுள்ளனர். கட்டுப்பாட்டு மென்பொருளால் இதற்கு முழு விடை தர முடியாது. ஆனால் பழுதுபார்ப்புப் பயணங்களைக் குறைப்பது, பராமரிப்பு நாட்களை மீன்பிடித் தடைக்காலத்தோடு இணைப்பது, படகுகளுக்கு எச்சரிக்கை தருவது போன்றவை வடிவமைப்பின்போதே முடிவு செய்யக்கூடியவை. பிற்பாடு ஒட்டவைக்கக் கூடியவை அல்ல.

மூன்றாவது, அறிவின் உடைமை. முள்ளக்காட்டில் தமிழ்நாடு பெற்றது, வேறொரு நாட்டின் தொகுப்பை நம்பி உருவான கட்டுப்பாடு. அதன் குறைகளை இங்குள்ள பொறியாளர்களும் தொழிலாளர்களும் மின்தேக்கி மின்தேக்கியாக, நிறுத்தி நிறுத்தியாகச் சரிசெய்து கற்றார்கள். இயந்திரம் திறந்து பார்க்கக் கூடியதாக இருந்ததால் அது முடிந்தது. இன்றைய காற்றாலையின் மூளை பூட்டிய மென்பொருள். புயலுக்குப் பின் ஒரு கட்டளையை மாற்ற வேண்டுமானால், மாற்றும் உரிமையும் அறிவும் யாரிடம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியாக வேண்டும்.

கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது. பள்ளிக்கரணையில் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கணவாய்களில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. மதகைத் திறப்பவர் அணையில் நிற்கிறார், வெள்ளம் பாய்வது கீழேயுள்ள ஊரில். கடல்சார் காற்றாலையிலும் கட்டளை பிறக்கும் அறை ஓரிடத்திலும், அதன் விளைவைத் தாங்கும் கரையும் படகும் மின்விளக்கும் வேறிடங்களிலும் இருக்கும். தமிழ்நாட்டின் முதல் கடல்சார் காற்றாலையில் எந்தக் கட்டுப்பாடு அமையும் என்பதை முடிவு செய்யும்போது, இந்த இரு பக்கத்தாரும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.